திரு. மற்றும் பலர்

பலர் என்பவர் இந்த ஊருக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. வந்தது ஒரே ஆள்தான். வரும் வழியில் பழைய இரும்புக் கடையின் லாரி எடைமேடை மீது நடந்து கடந்தார். அது இரண்டாயிரத்து முந்நூற்று எழுபத்தெட்டு கிலோ காட்டியது. கடைக்காரர் இயந்திரத்தை இரண்டு தட்டு தட்டிவிட்டு, அவரைத் திரும்ப ஏறி நிற்கச் சொன்னார். அதே எண். இருபத்தெட்டு வருஷமாக எடையில் ஊரை ஏய்த்துப் பிழைத்த மனிதர் அவர். தராசு உண்மையும் சொல்லும் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. கூலி வேலை செய்கிறவன் உடம்பு ஆளுக்கு ஐம்பத்தெட்டு கிலோ தேறும். வகுத்துப் பார்த்தால் நாற்பத்தோரு பேர் வரும். அந்தக் கணக்கில் பிழையில்லை என்று அன்று மதியத்துக்குள் தெரிந்துவிட்டது.

அவரை வரவழைத்தவள் ஒரு சித்தாள். பதினேழு வயதில் ஆற்றுப் பாலத்துக்குக் கலவை சுமக்கப் போனவள், நாற்பத்தெட்டு வயதில் நகராட்சியில் தினக்கூலியாக, விழாக்களுக்கு முன்பு கல்வெட்டுகளைத் தேய்த்துக் கழுவும் வேலையில் இருந்தாள். அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான். கால் நீளம், அதனால் கொக்கு என்பார்கள். பாலத்தின் மூன்றாம் தூணுக்குக் கான்கிரீட் கொட்டிக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து, தூணுக்காக அடித்திருந்த பலகைக் கூட்டுக்குள்ளேயே அவன் விழுந்தான். காண்டிராக்டர் வேலையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கலவை இறுகிப் பாழாகிவிடும் என்றார். தங்கை தலையில் கலவைச் சட்டியோடு கரையில் நின்று பார்த்தாள். சாயங்காலம் வருகைப் பதிவேட்டில் கொக்கின் பெயருக்கு நேரே ‘ஓடிப்போனவர்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார்கள். ஒரு உயிர்கூடச் சேதமில்லாமல் கட்டிய பாலம் என்று திறப்பு விழாவில் பேசினார்கள். கை தட்டியவர்களில் பாதிப் பேர் சாரம் சரிந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். கொக்கு பறந்துடுச்சு என்று ஒருவன் சொன்னான், ஊர் வயிறு குலுங்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு சில வருஷம் ஓடியது, ஏனென்றால் இந்த ஊருக்கு நகைச்சுவை அடிக்கடி கிடைப்பதில்லை.

கொக்கின் மனைவி காண்டிராக்டரிடம் நேரில் போய்க் கேட்டாள். அவர் பதிவேட்டைத் திறந்து அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்துக் காட்டினார். அவளுக்கு எழுத்துத் தெரியாது, முத்திரை தெரியும். அன்றிலிருந்து அவள் புருஷன் ஓடுகாலி. நாத்தனார் என்ன சொல்லியும் எடுபடவில்லை.

“நான் கண்ணால பார்த்தேன் அண்ணி.”

“உன் கண்ணு என்னடி பெரிய கண்ணு. அங்க எழுதி, சீல் குத்தி வச்சிருக்கான். உன் வாய்க்கு யாரு சீல் குத்தினது?”

ஓடினவன் என்றைக்காவது திரும்பி வரக்கூடும், தூணுக்குள் நிற்கிறவன் வரமாட்டான் என்று அண்ணி உள்ளுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாளோ என்னவோ, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு பேரும் ஒரே அறையில், நடுவில் ஒரு பழைய புடவையைக் கட்டித் தொங்கவிட்டு, முப்பத்தொரு வருஷம் குடித்தனம் செய்தார்கள். ஓடுகாலியின் தங்கையை யாரும் பெண் கேட்டு வரவில்லை. தினமும் ஏதாவது ஒரு பாத்திரம் உருளும்போது, அது உருண்ட சத்தத்தோடு சேர்த்து அண்ணி, “ஓடுற புத்தி இந்த வீட்டுல தட்டுமுட்டுக்கும் இருக்கு” என்பாள்.

அந்தப் பதிவேட்டை ஒருநாள் தானே படித்து, அதில் இருப்பது பொய் என்று எழுத்தை வைத்தே நிரூபிக்க வேண்டும் என்பதற்காகத்தான் சித்தாள் படிக்கப் போனாள். பள்ளிக்கூட நடைக்கூடத்தில் ஒரு தபால்காரர் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். மற்றவர்கள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு எழுந்து போனார்கள். இவள் ஓ, டி, ப், போ, ன, வ, ர் என்ற ஏழு எழுத்தை முதலில் கேட்டாள். பதினொரு மாதம் ஆனது. கூட்டிப் படிக்க வந்ததும் நேரே ஆவண அறைக்குப் போனாள். பாலத்துப் பதிவேடெல்லாம் பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டு எட்டு வருஷம் ஆகிறது என்றார்கள். கறையானுக்கே வேண்டாமாம், அப்படிப்பட்ட காகிதம் என்று சொல்லிச் சிரித்தார்கள். ஆக, கையில் எழுத்து இருந்தது, படிக்கத்தான் ஒன்றுமில்லை. அதனால் அவள் தான் கழுவும் கற்களைப் படிக்கத் தொடங்கினாள்.

கல்லுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. ஒரு கழிப்பறை கட்டினால் உட்காரும் இடம் நான்கு, கல்லில் பெயர் பதினொன்று. பேருந்து நிழற்கூடத்தில் நிழல் விழுகிற ஒரே இடத்தைக் கல் பிடித்துக்கொண்டிருக்கும். திறந்துவைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், முன்னிலை வகித்தவரின் மைத்துனர் என்று வரிசை போகும். அறுபத்து மூன்று கல்லையும் எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தபோது சித்தாள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். மேலே இருக்கும் பெயர்கள் கல்லுக்குக் கல் மாறின. கடைசியில் மட்டும் ஒரே ஆள். மற்றும் பலர். பாலத்தில் அவர், பள்ளிக்கூடத்தில் அவர், நீதிமன்றத்தில் அவர், தண்ணீர்த் தொட்டியில் அவர்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வாய்ப்பேச்சில் யாரும் மற்றும் என்று சொல்வதில்லை, பலர் என்பதும் இல்லை. நிறைய பேரு என்பார்கள், கண்டவன் என்பார்கள். படித்தவர்கள் காகிதத்துக்கு மட்டும் எடுத்து உடுத்துகிற வார்த்தைகள் அவை இரண்டும். மற்றும் என்பது குடும்பப் பெயர், பலர் என்பது ஆள் பெயர் என்று அவள் எடுத்துக்கொண்டாள். இவ்வளவு இடத்தில் வேலை செய்தவனை ஓர் இடத்திலாவது மேலே போடக் கூடாதா என்று அவளுக்கு மனசு கசந்தது. பாலத்தில் வேலை செய்தவர் என்றால் கொக்கை அவருக்குத் தெரிந்திருக்கும், சாட்சி சொல்வார் என்றும் தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் நகர வரலாற்றுக் குழு ஒரு விளம்பரம் ஒட்டியது. வரலாறு மறந்த மனிதர்களைப் பற்றித் தெரிந்தவர்கள் தகவல் தரலாம். இந்தக் குழு ஏழு வருஷமாகத் தேநீரும் பிஸ்கட்டும் சாப்பிட்டு வரலாற்றை முன்னுரை வரைக்கும் கொண்டுவந்திருந்தது. விளம்பரத்துக்கு இருநூற்றுப் பதினான்கு மறக்கப்பட்ட மனிதர்கள் வந்து சேர்ந்தார்கள். எல்லாரும் வசதியான வீடுகளின் தாத்தாக்கள். அவர்களை மறந்திருந்தவர்களும் அந்தந்தப் பேரன்கள்தான். இருநூற்றுப் பதினைந்தாவதாகச் சித்தாள் போய், வாளியையும் பிரஷையும் வாசலில் வைத்துவிட்டு, மற்றும் பலர் என்ற ஆளைக் கண்டுபிடித்துத் தரச் சொன்னாள்.

குழுவின் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நகராட்சித் தலைவரையும் கூப்பிட்டுச் சொன்னார். இந்தத் தலைவர் பாலம் கட்டிய காண்டிராக்டரின் மகன். பாலத்துக் கல்லில் எல்லாரையும்விடப் பெரிய எழுத்தில் இருந்தது அவருடைய அப்பாவின் பெயர். இரண்டு பேரும் சேர்ந்து வேடிக்கையாக ஒரு கடிதம் எழுதவைத்தார்கள். ‘திரு. மற்றும் பலர், மூன்றாம் தூண், ஆற்றுப் பாலம். தாங்கள் வரும் திங்கட்கிழமை நேரில் வந்து தங்களைப் பற்றிச் சான்றளிக்கவும்.’ மூன்றாம் தூண் என்று முகவரி சொன்னவள் சித்தாள். எழுத்தர் அதில் முத்திரை குத்தினார். கைக்குக் கிடைத்த எதற்கும் முத்திரை குத்துகிற மனிதர் அவர். ஒருமுறை தன் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கே குத்தியிருக்கிறார். முத்திரை விழுந்த கடிதத்தைச் சேர்ப்பிக்காமல் இருக்கத் தபால்காரருக்கு அதிகாரமில்லை. தூணில் இருந்த ஒரு விரிசலில் அதைச் செருகிவிட்டு, காத்திருந்து, அத்தாட்சிச் சீட்டை எடுத்துவந்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஈரச் சிமெண்டால் ஒரு பெருவிரல் ரேகை இருந்தது.

திங்கட்கிழமை பலர் வந்தபோது நகராட்சிப் படிக்கட்டில் இரண்டு படி உட்கார்ந்துவிட்டன. அரைக்கைச் சட்டை, முழங்கை வரைக்கும் வெள்ளைத் தூசி. எழுத்தர் யார் என்று கேட்டார்.

“பலர். கடுதாசி வந்துச்சு.”

“தனியாவா வந்திருக்கீங்க?”

“ஆமாங்க. எல்லாரும் தனியாத்தான் வந்திருக்கோம்.”

உட்காரச் சொன்னார்கள். மூன்று நாற்காலி போனது, பிறகு நின்றார். அவரைப் பார்த்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு முகம் தெரிந்தது. எழுத்தருக்குத் தன் வீட்டுக் கிணற்றில் மண் சரிந்து மூடியவனின் முகம். தலைமையாசிரியருக்குப் பள்ளிக்கூடக் கூரையிலிருந்து விழுந்தவனின் முகம். அன்றைக்கு அவர் பாடத்தை நிறுத்தாமல் ஜன்னலைச் சாத்தச் சொல்லியிருந்தார். தலைவருக்கு மட்டும் முகம் எதுவும் தெரியவில்லை. கூலிக்காரர்களின் முகத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை, அதனால் நினைவுக்கு வர ஒன்றும் இல்லை. தலைமையாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு இலக்கணத்தில் இறங்கினார்.

“பலர்ங்கிறது ஒரு ஆளோட பேர் இல்லப்பா. பன்மை. பலர்பால்னு சொல்லுவோம்.”

“அந்தப் பால்லயும் எங்களுக்குச் சொட்டுகூட வரலீங்க” என்றார் பலர்.

பிறகு அவர் சான்றளித்தார். நாற்பத்தோரு பேருடைய பெயர், தகப்பன் பெயர், விழுந்த இடம், விழுந்த நேரம். எழுத்தர் பழக்க தோஷத்தில் பதினோரு தாள் எழுதிவிட்டார். மூன்றாம் தூணில் வடக்குப் பக்கம் பாதிக்குப் பாதி மணல் என்பதையும், சிமெண்ட் மூட்டைகள் எந்த வீட்டு மாடிக்குப் போயின என்பதையும் பலர் சொன்னார். அந்த மாடியில்தான் தலைவர் படுத்து எழுந்துகொண்டிருந்தார். “அந்தத் தூணுல ஒருத்தன். கொக்கும்பாங்க. அவன் ஓடல” என்றும் சொன்னார்.

வாசலில் நின்ற சித்தாள் உள்ளே வந்துவிட்டாள். தினக்கூலிகள் அந்த அறைக்குள் வரக் கூடாது. அன்றைக்கு யாரும் தடுக்கவில்லை.

“எங்க அண்ணன் உங்ககூடவா இருக்கு?”

“இருக்காம்மா. பின்னால நிக்கிறான். கூச்சப்படுறான்.”

“வீட்டுக்கு ஒருதரம் அனுப்பி வைங்க. எங்க அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“தனியா வரமாட்டாம்மா. நாங்க பிரிஞ்சு பழக்கமில்ல. வந்தா எல்லாரும்தான்.”

சித்தாள் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அண்ணி அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. “யாரோ வந்து என்னமோ சொன்னானாம். எழுத்துல இருக்கா? சீல் இருக்கா? இருந்தா கொண்டா.” சித்தாள் திரும்ப ஓடினாள். அதற்குள் தலைவர் பதினோரு தாளையும் எரித்து, சாம்பலைக் கை கழுவும் தொட்டியில் கரைத்து, தண்ணீரையும் திறந்துவிட்டிருந்தார். இந்த ஊரின் பெரிய மனிதர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்து பார்க்க வேண்டுமென்றால் இப்படி எதையாவது அழிக்கிற நேரத்தில்தான் பார்க்க வேண்டும்.

காகிதம் போனது, ஆள் போகவில்லை. பலர் பாலத்துக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டார், ஆறு அங்கே கொஞ்சம் ஒதுங்கி ஓடத் தொடங்கியது. தலைமையாசிரியர் யோசித்து ஒரு வழி சொன்னார். கல்லில் பெயர் இருப்பதால்தான் அந்த ஆள் இருக்கிறான். கல்லிலிருந்து எடுத்துவிட்டால் போய்விடுவான். ஐம்பது வருஷத்தில் அவர் சொன்ன ஒரே சரியான கருத்து இதுவாகத்தான் இருக்கும். கல்லெழுத்தில் அடைந்த அழுக்கைச் சுரண்டிச் சுரண்டி உளி பிடிக்கப் பழகிய தினக்கூலி சித்தாள் ஒருத்திதான். அவளைக் கூப்பிட்டார்கள். அண்ணனை இரண்டாவது தடவை கொல்லச் சொல்கிறார்கள் என்பது அவளுக்கு விளங்கியது. முடியாது என்று சொன்னால் வேறொருத்தன் கையில் உளி போகும் என்பதும் விளங்கியது. அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“வாயால சொன்னா செல்லாதுங்க ஐயா. எழுத்துல குடுங்க.”

இங்கேதான் தலைவருக்குப் பயம் வந்தது. பலர் என்ற பெயரை உத்தரவில் எழுதினால், அப்படி ஒருவர் இருப்பதை நகராட்சி ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். நாளைக்கு நாற்பத்தோரு வீட்டுக்காரர்கள் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தலைமையாசிரியரோடு முக்கால் மணி நேரம் குசுகுசுத்துவிட்டு, ‘நகரிலுள்ள அனைத்துக் கல்வெட்டுகளிலும் காணப்படும் தேவையற்ற பெயர்களை உடனடியாக நீக்கவும்’ என்று எழுதவைத்தார். எழுத்தர் முத்திரை குத்தினார்.

“எந்தப் பேருன்னு புரியுதுல்ல?” என்று கேட்டார் தலைவர்.

“புரியுதுங்க.”

“தேவையில்லாதவன் யாருன்னு தெரியும்ல?”

“நல்லாவே தெரியுங்க.”

நடைக்கூடத்தில் நின்று அவள் அந்தத் தாளை நான்கு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தாள். சின்ன வயதிலேயே படித்தவர்களுக்கு வரிக்கு நடுவில் இருப்பதையும் படிக்க வரும். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது வரியை மட்டும்தான். ஒன்பது நாள் வேலை. கல்லின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடிக்கொண்டு, தூசி பறக்கும் என்று சொல்லி யாரையும் கிட்ட விடாமல், மேலிருந்து கீழாகச் செதுக்கினாள். திறந்துவைத்தவர் போனார். தலைமை தாங்கியவர் போனார். முன்னிலை வகித்தவர், அவருடைய மைத்துனர், நன்றி கூறியவர் எல்லாரும் மாவாக உதிர்ந்தார்கள். காண்டிராக்டர் பெயரின் எழுத்து ஆழம், அதற்கு மட்டும் ஒரு முழுப் பகல் பிடித்தது. மற்றும் என்ற வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தாள். முன்னால் யாரும் இல்லாதபோது அதற்கும் தேவை இல்லை என்று அதையும் எடுத்துவிட்டாள். பத்தாம் நாள் சாக்குகளை உருவியபோது அறுபத்து மூன்று கல்லிலும் பலர் என்ற ஒரு வார்த்தை இருந்தது.

தலைமையாசிரியரின் கருத்து வேலை செய்தது, ஆள் மட்டும் மாறிப்போனது. அன்று மதியம் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்தபோது செருப்பு தரையில் நின்றது, கால் நிற்கவில்லை. நான்கு விரற்கடை உயரத்தில் மிதந்தார். அவருடைய வீட்டுக் கூடத்தில் காண்டிராக்டரின் படம் வெறும் சட்டமாகத் தொங்கியது. முன்னிலை வகித்தவரின் மைத்துனரைக் கொடிக்கம்பியில் இரண்டு கவ்வி போட்டு நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. சித்தாளை வேலையிலிருந்து தூக்கப் பார்த்தார்கள். அவள் முத்திரை வைத்த உத்தரவைக் காட்டினாள். பெயர்களைத் திரும்பப் பொறிக்க ஆள் தேடினார்கள். ஊரில் அந்த வேலைக்குத் தோதான ஆள் பலர் ஒருவர்தான் இருந்தார், அவர் தனக்கு எழுத்துத் தெரியாது என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நாளில் பெரிய மனிதர்கள் சட்டைப் பைகளில் சல்லிக்கல்லை நிரப்பிக்கொண்டு நடக்கப் பழகிவிட்டார்கள். அதுவும் ஒரு மரியாதை என்று நினைத்து, சில சின்ன மனிதர்களும் பையில் கல் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். வரலாற்றுப் புத்தகம் அறுநூற்று நாற்பது பக்கத்தில் வெளிவந்தது. இருநூற்றுப் பதினான்கு தாத்தாக்களும் அதில் இருக்கிறார்கள், பலர் இல்லை. அட்டையில் பாலத்தின் படம்; மூன்றாம் தூண் மட்டும் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது.

சாக்கை உருவிய அன்றே சித்தாள் அண்ணியைப் பாலத்துக்குக் கூட்டிப்போனாள். அண்ணி முப்பத்தொரு வருஷமாக அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பெரிய பெரிய எழுத்தா இருக்கும்னு சொல்வாங்களே, எங்கே என்று கேட்டாள்.

“அதெல்லாம் தேவையில்லாத பேரு அண்ணி. எடுத்துட்டாங்க. இருக்க வேண்டிய பேருதான் இருக்கு. அதுக்குள்ளதான் அண்ணன் இருக்கு.”

“யாரு சொன்னா?”

சித்தாள் உத்தரவைப் பிரித்துக் கையில் கொடுத்தாள். அண்ணி அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, முத்திரையைக் கட்டைவிரலால் தடவினாள். மை இன்னும் கொஞ்சம் ஒட்டியது. அந்த மையில்தான் முப்பத்தொரு வருஷத்துக்கு முன்பு அவள் புருஷன் ஓடினான். அதே மையில் திரும்பி வரட்டுமே என்று நினைத்தாளோ, அல்லது நின்று நின்று கால் கடுத்துவிட்டதோ, பாலத்துக்கு அடியில் குனிந்து பார்த்து, “எத்தனை பேரா இருந்தா என்ன, எல்லாரையும் வீட்டுக்கு வரச் சொல்லு” என்றாள்.

பலர் அந்த ஒற்றை அறைக்குள் வந்தார். தரையில் பதித்த கல் இரண்டு விரிந்தது. நடுவில் தொங்கிய புடவையை அண்ணியே அவிழ்த்துச் சுருட்டி ஓரமாகப் போட்டாள். “கொக்கு முன்னால வரட்டும்” என்றாள். பலருக்குள் ஒரு நெருக்கடி, நகரு நகரு என்கிற சத்தம். பிறகு சட்டைக்குக் கீழே முழங்காலிலிருந்து நீளமாக இரண்டு கால் வந்து நின்றது. அண்ணி முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“ஓடுகாலி ஓடுகாலின்னு இந்த வாயாலதான் சொல்லிட்டுக் கெடந்தேன். ஒரு வார்த்தை வந்து சொல்லக் கூடாதாய்யா?”

“வாய் நிறையக் கலவை இருந்துச்சு” என்றான் கொக்கு.

அண்ணி எழுந்துபோய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கொப்பளிக்கச் சொன்னாள். வாசல் சாக்கடையில் குனிந்து கொப்பளித்தான். முதலில் மணலாக வந்தது, பிறகு சாம்பல் நிறத்தில், பிறகு தெளிந்து வந்தது. அவனுக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் நின்றார்கள். சித்தாள் தெருக்குழாயிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தபடியே இருந்தாள். எல்லாரும் கொப்பளித்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

அதற்கப்புறம் பலர் அங்கேயேதான் இருக்கிறார். பகலில் எங்கே கட்டட வேலை நடக்கிறதோ அங்கே போவார், ஒரு ஆள் கூலி வாங்குவார். அக்கம்பக்கத்தில் முதலில் எட்டிப் பார்த்தார்கள், இப்போது பார்ப்பதில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்து சுவரில் சாய்ந்து உட்காருவார். அண்ணி எதிரே உட்கார்ந்து, முப்பத்தொரு வருஷத்தில் நடந்ததை ஒவ்வொன்றாக எடுத்து, குரலை உயர்த்தாமல், கொக்கை மட்டும் திட்டுவாள். மற்ற நாற்பது பேரும் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.